சேகோ தண்ணீர், சாக்கடை, சாணம்: எதில் எவ்வளவு கேஸ் இருக்கிறது?

கேள்வி இதுதான். தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் ஊர். சாக்கடை ஏரியில் போய் விழுகிறது. ஊரை ஒட்டி இரண்டு சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள். சீசன் வந்தால் புளித்த வாடை தெருவையே தூக்குகிறது. வீட்டுக்கு இரண்டு மூன்று கறவை மாடுகள். இத்தனை கழிவையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து பெரிய கேஸ் பிளான்ட் ஒன்று போட்டால் தெருவிளக்கு எரியுமா? வீடுகளில் அடுப்பு எரியுமா? ஏரியும் தப்பிக்குமா?

கேஸ் வரும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 'ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து' என்ற இடத்தில்தான் திட்டம் கெடுகிறது. இந்த மூன்றில் சேகோ தண்ணீரில் நல்ல எரிபொருள் இருக்கிறது. சாணத்தில் வீட்டு அடுப்பு அளவுக்கு இருக்கிறது. சாக்கடையில் பெயருக்குத்தான் இருக்கிறது. மூன்றையும் கலந்தால் நல்ல சரக்கும் கெட்டுப்போகும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். கணக்குப் பார்க்காமல் கட்டி, இப்போது புல் முளைத்துக் கிடக்கும் தொட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முதலில் தொட்டிக்குள் நடப்பது. காற்றுப் புகாத இடத்தில் இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் மாவையும் சர்க்கரையையும் உடைத்து அமிலமாக்கும். அது வேகமானது, எதையும் தாங்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனை வெளியே விடும். அது மெதுவானது, நோஞ்சான். புளிப்பு ஏறினால் சுருண்டுவிடும், குளிர்ந்தால் மந்தமாகிவிடும். முதல் கூட்டம் இரண்டாவதை முந்திவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தொட்டி நடத்தும் வேலையில் முக்கால்வாசி. தொட்டிக்குள் பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறைந்தால் புளிப்பு அதிகம்) 7-ஐ ஒட்டி நிற்க வேண்டும், சூடு 35 டிகிரி அளவில் இருந்தால் நல்லது. வரும் கேஸில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு.

இந்தக் கேஸ் ஒரு கன மீட்டர், சுமார் 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். அதாவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக 33 கன மீட்டர் வேண்டும். இந்த 33-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது 'இவ்வளவு கன மீட்டர் வரும்' என்று பெரிய எண்ணாகச் சொன்னால் 33-ஆல் வகுத்துப் பாருங்கள், பேச்சு தரைக்கு வந்துவிடும்.

இன்னொரு அளவும் தேவை. கழிவு நீரில் எரிபொருள் எவ்வளவு என்பதை சிஓடி என்ற கணக்கில் சொல்வார்கள். நீரில் இருக்கும் சரக்கு முழுவதும் ஆக்சிஜனோடு சேர்ந்து தீர எவ்வளவு ஆக்சிஜன் பிடிக்கும் என்பதன் அளவு அது. ஒரு கிலோ சிஓடி தொட்டிக்குள் உடைந்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். இது இயற்கையின் உச்சவரம்பு. எந்தக் கம்பெனி எந்தப் பெயரில் எந்தக் கலவையை ஊற்றினாலும் இதைத் தாண்டாது.

இனி சாக்கடை. 10,000 பேர் உள்ள ஊர், ஆளுக்கு 80 லிட்டர் கழிவு நீர் வந்து சேர்கிறது என்று வையுங்கள். நாளைக்கு 8 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் அளவுக்குத்தான் சிஓடி இருக்கும். மொத்தம் 400 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கு உடையும் என்று தாராளமாகவே வைத்தாலும் மீத்தேன் 90 கன மீட்டருக்குச் சற்று மேலே. தண்ணீர் இவ்வளவு இருப்பதால் அதில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரிலேயே கரைந்து வெளியே போய்விடும். கையில் நிற்பது 70 என்றால், கேஸாகச் சொன்னால் 115 கன மீட்டர். மூன்றரை சிலிண்டர். 10,000 பேருக்கு! சின்ன இன்ஜினில் ஓட்டினால் கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் கிடைக்கும், ஆக 170 யூனிட். தண்ணீரை ஏற்றி இறக்கும் பம்புக்கே அதில் ஒரு பங்கு போகும்.

'சென்னையில் செய்கிறார்களே' என்று கேட்பீர்கள். கொடுங்கையூர், பெருங்குடி, நெசப்பாக்கம், கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவிலிருந்து கேஸ் எடுத்து மின்சாரம் தயாரிப்பது உண்மைதான். ஆனால் அங்கே கேஸ் வருவது சாக்கடை நீரிலிருந்து நேராக இல்லை. கோடிக்கணக்கான லிட்டர் நீரைச் சுத்தம் செய்யும்போது அடியில் தங்கும் சேற்றைத் திரட்டி, கெட்டியாக்கி, அந்தச் சேற்றைத்தான் தொட்டிக்குள் விடுகிறார்கள். அந்த நிலையத்தின் மின் செலவில் பெரும்பங்கை அந்தக் கேஸே சுமக்கும். பாதாளச் சாக்கடைக் குழாய் லட்சக்கணக்கான வீடுகளைத் தொட்டால்தான் இந்தக் கணக்கு உதைக்காமல் இருக்கும்.

நம் பேரூராட்சிகளில் பாதாளச் சாக்கடையே அபூர்வம். கழிப்பறைத் தண்ணீர் வீட்டு செப்டிக் டேங்கில் விழுகிறது, தெருச் சாக்கடையில் ஓடுவது குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய நீர். சோப்பும் எண்ணெயும்தான் அதில் அதிகம். சரி, செப்டிக் டேங்க் லாரிகள் உறிஞ்சி வருகின்றனவே, அதைத் தொட்டியில் விட்டால் என்ன? அந்தக் கசடு இரண்டு மூன்று வருடமாக மண்ணுக்கு அடியில் ஏற்கெனவே செரித்துப் போனது. அதன் கேஸ் உங்கள் வீட்டுக் காற்றுக் குழாய் வழியாக எப்போதோ மேலே போய்விட்டது. மிச்சமிருப்பது சக்கை. அதைப் பாதுகாப்பாக உலர்த்தி உரமாக்கலாம், அடுப்பெரிக்க ஆகாது.

புதிய மலக்கழிவில் கேஸ் உண்டு. ஆளுக்கு நாளைக்கு 20, 30 லிட்டர் கேஸ் வரும். ஐந்து பேர் குடும்பத்துக்கு இது அரை மணி நேர அடுப்புக்குக்கூடக் காணாது. அதே சமயம் 200 பிள்ளைகள் தங்கும் விடுதி என்றால் 4, 5 கன மீட்டர், சமையலறைக் கழிவையும் சேர்த்தால் இன்னும் கூடும். விடுதியில் அடுப்பு நாள் முழுக்க எரிகிறது, தொட்டியும் அடுப்பும் ஒரே காம்பவுண்டில். அரூர், பாலக்கோடு, ஓசூர் எங்கே இருந்தாலும் மாணவர் விடுதிகள் இதற்குத் தோதான இடங்கள். யாரும் அதிகம் கவனிக்காத இடங்களும்கூட.

ஆக, சாக்கடையைச் சுத்தம் செய்வது ஏரிக்காக. அதற்கு வெயில் போதும்: ஆழமில்லாத குளங்கள் மூன்று நான்கை வரிசையாக வைத்து, பாசியும் வெளிச்சமும் வேலை செய்ய விட்டு, கடைசியில் நாணல் வளர்த்த படுகை வழியாக வடியவிட்டால் ஏரிக்குப் போகும் நீர் எவ்வளவோ தெளியும். இடம் வேண்டும், மின்சாரம் அநேகமாக வேண்டாம். கேஸ் வருமானத்தைக் காட்டி இதற்குப் பணம் திரட்ட நினைத்தால் இரண்டும் நடக்காது.

ஓசூர்க்காரர்கள் இந்த இடத்தில் கெலவரப்பள்ளி அணை நுரையைப் பற்றிக் கேட்பதுண்டு. தென்பெண்ணையில் வெள்ளைப் பாறை மாதிரி எழும்பி நிற்கும் அந்த நுரையில் கேஸ் எதுவும் பிடிக்க முடியாது. பெங்களூரு பக்கத்துக் கழிவு நீரில் வரும் சோப்பும் டிடர்ஜென்டும் மதகில் விழுந்து அடிபட்டு நுரைக்கிறது. அதற்கு வைத்தியம் மேலே, கர்நாடகத்தில், நீர் ஆற்றில் சேரும் முன்பே நடக்க வேண்டும்.

இப்போது சேகோ ஆலை. உங்கள் ஊரின் உண்மையான சொத்து இதுதான், அதனால் இதை விரிவாகவே பார்ப்போம்.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லாரியிலிருந்து இறங்குகிறது. தோல் உரிந்து, கழுவி, அரவைக்குப் போகிறது. அரைத்த கூழில் தண்ணீர் விட்டுச் சல்லடையில் அலசினால் மாவுப்பால் கீழே இறங்கும், திப்பி மேலே தங்கும். மாவுப்பாலைத் தொட்டியில் பல மணி நேரம் நிறுத்தினால் மாவு அடியில் கல்லாக இறங்கிவிடும். மேலே நிற்கும் மஞ்சள் கலந்த நீரைத் திறந்து விடுவார்கள். வாடை அடிப்பது இந்த நீர்தான். கரைந்த மாவு, சர்க்கரை எல்லாம் இதில் இருக்கிறது. லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் சிஓடி. 5,000 என்று வைத்துக்கொள்வோம்.

நாளைக்கு 1 லட்சம் லிட்டர் இப்படி வெளியேறினால் சிஓடி 500 கிலோ. ஒழுங்கான தொட்டியில் 80 சதவீதம் உடையும், 400 கிலோ. மீத்தேன் 140 கன மீட்டர், கேஸாக 230 கன மீட்டர். தினமும் ஏழு சிலிண்டர். சாக்கடையோடு ஒப்பிடுங்கள்: எட்டில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு கேஸ்.

இதையும் சாக்கடையையும் கலந்தால் என்ன ஆகும்? 9 லட்சம் லிட்டருக்குத் தொட்டி கட்ட வேண்டும், சரக்கின் அடர்த்தி லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும், கரைந்து போகும் மீத்தேன் கூடும். செலவு பல மடங்கு, கேஸ் கிட்டத்தட்ட அதே அளவு. ஊர்க் கூட்டத்தில் யாராவது எல்லாவற்றையும் சேர்க்கலாம் என்று ஆரம்பித்தால் இந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள், போதும்.

ஆலைக்குள்ளேயே இன்னொரு கலப்படம் நடக்கிறது. கிழங்கு கழுவிய நீரில் மண்ணும் தோலும்தான் அதிகம், எரிபொருள் குறைவு. அதையும் மாவு இறங்கிய நீரையும் ஒரே வாய்க்காலில் விடுவது பல இடங்களில் வழக்கம். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடுவதுதான் முதல் வேலை. செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. கழுவிய நீரை மண் தங்கவிட்டுத் திரும்பவும் கழுவவே பயன்படுத்தலாம், தண்ணீர்ச் செலவும் இறங்கும். போர்வெல் ஆயிரம் அடி போகும் நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயமில்லை.

தொட்டியில் இரண்டு வகை சொல்கிறேன். ஒன்று, கழிவு நீரை அடியிலிருந்து மேலே மெதுவாக ஏற்றும் உயரமான தொட்டி. அடியில் நுண்ணுயிர்கள் குருணை குருணையாகத் திரண்டு கெட்டிப் படுகையாக நிற்கும், நீர் அதன் வழியாக ஏறும்போது சரக்கு உடைந்து கேஸாகும். நெதர்லாந்தின் வாகனிங்கனில் 1970-களில் காட்சே லெட்டிங்கா உருவாக்கிய முறை, யுஏஎஸ்பி என்பார்கள். இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் நடத்த ஆள் தெரிந்தவராக இருக்க வேண்டும். மற்றொன்று, ஏற்கெனவே இருக்கும் கழிவு நீர்க் குளத்தின்மேல் கனமான ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்து, கேஸைக் குழாயில் எடுப்பது. இடம் நிறையப் பிடிக்கும், பராமரிப்பு எளிது. இடம் இருக்கும் ஆலைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அந்தக் குளம் இப்போது திறந்து கிடக்கிறதே, அதிலும் இதே மீத்தேன் உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கிறது. குமிழி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். 100 வருடக் கணக்கில் பார்த்தால் புவியைச் சூடாக்குவதில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 27, 28 மடங்கு வலுவானது. போர்வை போட்டால் வாடையும் அடங்கும், விறகும் மிச்சம்.

சேகோ தண்ணீரின் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். வரும்போதே பிஹெச் 4, 5 என்று புளித்துத்தான் வரும். அப்படியே விட்டால் மீத்தேன் கூட்டம் செத்துவிடும். சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் தினமும் மூட்டை மூட்டையாகப் போட்டால் அதற்கே கேஸ் லாபம் போய்விடும், அடியில் சுண்ணாம்புப் பாறையும் படியும். கைப்பக்குவம் தெரிந்தவர்கள் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே வரும் நீரோடு கலப்பார்கள். செரித்த நீரில் காரத்தன்மை இருக்கும், அது புளிப்பை வாங்கிக்கொள்ளும். சுண்ணாம்பு தொடக்கக் காலத்துக்கும் அவசரத்துக்கும் மட்டும் என்று ஆகிவிடும்.

அடுத்தது சயனைடு. கிழங்கிலும், முக்கியமாகத் தோலிலும் இருப்பதுதான். நுண்ணுயிர்கள் படிப்படியாகப் பழகிக்கொள்ளும், திடீரென்று முழு அளவில் கொட்டினால்தான் அடி வாங்கும். மூன்றாவது திப்பி. சல்லடை கிழிந்திருந்தால் நார் தொட்டிக்குள் போய் மேலே ஆடையாகத் திரண்டு கேஸ் வழியை அடைக்கும். மாட்டுத் தீவனத்துக்குக் காசாகும் பொருளைத் தொட்டிக்குள் விட்டு நஷ்டத்தையும் வாங்கிக்கொள்வானேன்? நீர் உள்ளே போகும் வாயில் ஒரு சன்னச் சல்லடை, ஷிஃப்டுக்கு ஒருமுறை அதைக் கழுவ ஓர் ஆள். இவ்வளவுதான், ஆனால் அந்த ஆள் லீவு போட்டால் மாற்று யார் என்பதையும் முடிவு செய்து வையுங்கள்.

கேஸை என்ன செய்வது? எல்லோரும் உடனே மின்சாரம் என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. ஒரு கன மீட்டர் கேஸில் சுமார் 6 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. இன்ஜினில் விட்டால் ஒன்றரை யூனிட் மின்சாரமாகும், மீதி சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் போய்விடும். அடுப்பில் விட்டால் பாதிக்கு மேல் பயன்படும். சேகோ ஆலையிலேயே குருணையை வறுக்கும் தட்டுக்கு அடியில் விறகு எரிந்துகொண்டிருக்கிறது. குழாயை அங்கே கொண்டுபோய் ஒரு பர்னரைப் பொருத்துவதைவிட லாபமான வழி எனக்குத் தெரியவில்லை. சூடும் சீராக இருக்கும், புகை இல்லை, வறுக்கும் பெண்களின் கண்ணும் தப்பிக்கும். மிஞ்சுகிற கேஸுக்கு இன்ஜின் வைத்து அரவை மோட்டாருக்கோ பம்புக்கோ கொடுங்கள்.

இன்ஜின் வைப்பதானால் ஹைட்ரஜன் சல்பைடை நீக்காமல் வைக்காதீர்கள். பேரிங்கையும் ஆயிலையும் தின்றுவிடும். வழி எளிது: துருப்பிடித்த இரும்புத் துருவல் நிரப்பிய டிரம் வழியாகக் கேஸைச் செலுத்தினால் சல்பைடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும். ஓசூர் லேத் பட்டறைகளில் துருவல் மலிவாகக் கிடைக்கும். கறுத்துப்போனதை வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் திரும்பவும் துருவாகி மறுபடி உதவும். பரப்பும்போது தானாகவே சூடேறும், பக்கத்தில் சாக்கு, வைக்கோல் இருக்கக் கூடாது, மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் தெருவிளக்குக் கேள்விக்கு வருகிறேன். 20 வாட் எல்இடி 300 விளக்குகள், இரவு 12 மணி நேரம் என்றால் 72 யூனிட்தான். ஓர் ஆலையின் கேஸிலேயே அது போல நான்கு மடங்கு எடுக்கலாம். ஆனால் ஆலை ஓடுவது கிழங்கு சீசனில். வைகாசி, ஆனியில் தெரு இருட்டாக இருந்தால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? விளக்கு வருடம் முழுக்க எரிய வேண்டியது, அதை வருடம் முழுக்கக் கிடைக்கும் மின்சாரத்தில் விடுங்கள்.

சாணத்தைப் பற்றி ஊரில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், எனவே சுருக்கமாக. 25 கிலோ பச்சைச் சாணத்துக்கு 1 கன மீட்டர் கேஸ். 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ, அதாவது நான்கைந்து மாடு. ஒழுங்காக நடந்தால் மாதத்துக்கு இரண்டு சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். இரண்டு மாடு இருக்கும் வீடு 1 கன மீட்டர் கலனோடு நிறுத்திக்கொள்ளட்டும், காலை காபிக்கும் சோற்றுக்கும் ஆகும். பகலில் மேய்ச்சலுக்குப் போகும் மாடு என்றால் கொட்டிலில் விழும் சாணத்தை மட்டும் எடை போட்டுக் கணக்கிடுங்கள். ஆலம்பாடி மாடுகளைக் காட்டுப்பட்டியில் விட்டு வளர்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

கலனில் இரும்பு டிரம் மிதக்கும் பழைய காதி கிராமத் தொழில் ஆணைய மாதிரியும் உண்டு, 1984-இல் வந்த தீனபந்து என்ற பூமிக்கடியில் குவிமாட வடிவில் கட்டும் மாதிரியும் உண்டு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் 900 மீட்டர் உயரம், மார்கழியில் குளிர் நன்றாகவே இறங்கும். அங்கே டிரம் மாதிரி சோம்பிப்போகும், குவிமாடம்தான் தாங்கும். சமவெளியில் எது என்றாலும் சரி, கட்டும் கொத்தனார் இதற்கு முன்னால் கட்டியது ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். குவிமாடத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் கேஸ் எல்லாம் ஊருக்குத்தான்.

தண்ணீர் இல்லாத கோடையில் சாணம் கரைக்க வழி கேட்பார்கள். கலனிலிருந்து வெளிவரும் கரைசலின் தெளிவையே பாதிக்குப் பாதி திருப்பிக் கலக்கலாம். குளியலறை நீரை மட்டும் விடாதீர்கள். ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போனால் நுண்ணுயிர் எல்லாம் காலி. கலனிலிருந்து வரும் கரைசலில் தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனியாவாக இருக்கும், வெயிலில் பரப்பி உலர்த்தினால் அது பறந்துவிடும். பாசன வாய்க்காலில் நேராகக் கலந்துவிடுங்கள், அல்லது சருகோடு அடுக்கி மட்க வையுங்கள். என்னைக் கேட்டால் கேஸைவிட இந்தக் கரைசலில்தான் காசு அதிகம், நம் செம்மண் மானாவாரிக் காட்டுக்கு ரொம்பவே.

மானியம் கிடைக்கும் வருடத்தில் கட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். மானியத்துக்காகக் கட்டாதீர்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து படிப்பவர்களுக்காக இரண்டு பொருள்கள். ஒன்று மாம்பழம். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா சீசனில் தோல் மலையாகக் குவிகிறது. சர்க்கரை நிறைய, அதனால் கேஸும் நிறைய. ஆனால் தழைச்சத்து குறைவு, புளிப்பு சட்டென்று ஏறிவிடும். தனியாக ஊட்டாமல் சாணமோ கோழி எருவோ கலந்து ஊட்ட வேண்டும். கொட்டையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், காயவைத்து எரியுங்கள். சீசன் இரண்டு மூன்று மாதம்தான், மீதி மாதங்களில் தொட்டிக்கு என்ன சாப்பாடு என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் மட்டும் கட்டுங்கள். பக்கத்தில் பெரிய பால் பண்ணை இருந்தால் பதில் இருக்கிறது. ஆலை பாய்லருக்கு நீராவி வேண்டியது அதே சீசனில்தான் என்பது நல்ல பொருத்தம்.

இரண்டாவது தக்காளி. விலை விழுந்து ராயக்கோட்டைச் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம், 'இதில் கேஸ் எடுக்கலாமே' என்று யாராவது சொல்வார்கள். தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர். ஒரு டன் தக்காளியில் உலர்ந்த சரக்கு 60 கிலோ, அதிலிருந்து 25 கன மீட்டர் கேஸ். 33-ஆல் வகுங்கள்: ஒரு டன்னுக்கு ஒரு சிலிண்டர்கூட இல்லை. லாரி வாடகைக்கே காணாது. அது விவசாயியின் விலைப் பிரச்சினை, அதைக் கேஸ் தொட்டியில் தீர்க்க முடியாது. ஓசூர் ரோஜாப் பண்ணைக் கழிவும் அப்படித்தான், தண்டு கட்டை, மருந்து வேறு. உரக்குழிக்குப் போகட்டும்.

ஓசூர் தொழிற்சாலை கேன்டீன் கழிவு வேறு கதை. 100 கிலோ சோறு, குழம்பு, காய்க் கழிவுக்கு 10 கன மீட்டர் வரும், அதாவது நான்கு கிலோவுக்கு மேல் சமையல் எரிவாயு. தினமும் ஒரே அளவு, அடுப்பும் பக்கத்திலேயே. எலும்பு, முட்டை ஓடு, டீ கப், ரப்பர் பேண்டு பொறுக்கி எடுக்க ஆள் வைத்தால் ஓடும், வைக்காவிட்டால் மிக்சர் உடையும்.

வண்டிக்கு அடைக்கும் கேஸ், அதாவது சுத்தப்படுத்தி அழுத்தி விற்பது, 2018-இல் மத்திய அரசின் சதத் திட்டம் வந்த பிறகு எல்லோர் வாயிலும் இருக்கிறது. 100 டன் சாணத்துக்கு 1.6 டன் அளவுக்கு வரும். 100 டன் என்றால் நாளைக்கு பத்தாயிரம் மாட்டுச் சாணம், அதைச் சேர்க்க எத்தனை டிராக்டர் ஓட வேண்டும் என்று யோசியுங்கள். கோழிப்பண்ணை நெருக்கமாக இருக்கும் நாமக்கல்லுக்கு அது பொருந்தும். நம் பக்கம் சரக்கு ஒரே இடத்தில் குவிவது சர்க்கரை ஆலையில்தான்: பாலக்கோடும் கோபாலபுரமும். கரும்பு எடையில் மூன்று நான்கு சதவீதம் பிரஸ்மட்டாக, அதாவது சாற்றை வடிகட்டும்போது தங்கும் கசடாக, வெளியே வரும், 25 டன் பிரஸ்மட்டுக்கு ஒரு டன் கேஸ். கரும்பு வரத்து இருக்கும் வருடத்தில் கணக்கு நிற்கும், மழை பொய்த்த வருடத்தில் படுத்துவிடும். ஊர் மட்டத்தில் இந்தப் பேச்சே வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தத் தொட்டிக்குள்ளும், காலியாக இருந்தாலும், ஆள் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் முதலில் மூக்கின் உணர்வைத்தான் மரக்க வைக்கும். வாடை இல்லையே என்று இறங்கியவர் விழுவார், அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். செப்டிக் டேங்க் சாவுகள் பல இப்படித்தான் இரட்டை இரட்டையாக வருகின்றன. கட்டும்போதே கசடை வெளியிலிருந்து பம்பு வைத்து எடுக்கும்படி அடியில் குழாய் வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் 'ஆள் இறங்கி அள்ளிக்கலாம்' என்றால் அவரை மாற்றுங்கள், செப்டிக் டேங்கிலும் சாக்கடைக் குழியிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளத் தடை விதிக்கும் 2013 சட்டப்படி குற்றம்.

கேஸ் எடுத்துவிட்டால் சேகோ நீர் சுத்தமாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 80 சதவீதம் போனாலும் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சிஓடி மிச்சம், வீட்டுச் சாக்கடையைவிட இரண்டு மடங்கு. காற்று ஊதும் தொட்டியும், அதற்குப் பிறகு தெளியவிடும் தொட்டியும் வேண்டும். ஆனால் கேஸ் தொட்டி முன்னால் இருப்பதால் காற்று ஊதும் மின் செலவு ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஆலை முதலாளியிடம் பேசும்போது விறகு மிச்சத்தோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், காதில் ஏறும். ஏரி தப்புவதும் இந்த இடத்தில்தான். உங்கள் ஊர் ஏரிக்குப் போகும் அழுக்கில் பெரும்பங்கு ஆலையிலிருந்து என்றால் அங்கே தொடங்குங்கள்.

செய்ய வேண்டிய வரிசை: இந்த சீசனிலேயே மாவு இறங்கிய நீரைத் தனியாக, ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து ஒன்றாகக் கலந்து, சிஓடியும் பிஹெச்சும் பரிசோதிக்கக் கொடுங்கள். ஒரே வாளி மொண்டு அனுப்பினால் அந்த நேரத்து அளவுதான் தெரியும். சீசன் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று எடுங்கள். நீரின் அளவை மீட்டர் வைத்து அளவிடுங்கள், வாய்ச் சொல்லை நம்பாதீர்கள். அதன் பிறகுதான் மதிப்பீடு கேட்பது.

கட்டி முடித்ததும் முதல் நாளே கேஸ் வராது. தயிருக்கு உறை மோர் மாதிரி, ஓடுகிற இன்னொரு சேகோ ஆலைத் தொட்டியின் கசடை லாரியில் கொண்டுவந்து விட வேண்டும். சேலம் மாவட்டத்தில் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் சாணக் கரைசலில் தொடங்கலாம், ஆனால் படுகை பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். நீரை முதலில் கால் பங்கு அளவில் விட்டு, பிஹெச் அசையாமல் நின்றால் வாரத்துக்கு வாரம் ஏற்றுங்கள். அதனால் தொட்டி வேலையை ஆடிக்குள் முடித்து, கிழங்கு வரத்து தொடங்கும்போதே கசடை உள்ளே விட்டுவிடுங்கள். சீசன் நடுவில் தொடங்கினால் படுகை திரள்வதற்குள் ஆலை நின்றுவிடும். சீசன் முடிந்த பிறகு தொட்டியைக் காலி செய்யாதீர்கள். நீரோடு அப்படியே மூடி வைத்தால் அந்த நுண்ணுயிர்கள் பல மாதம் பட்டினி கிடக்கும், அடுத்த சீசனில் சில வாரத்திலேயே எழுந்துவிடும்.